எழுபதுக்கு மஞ்சள் நிறம்

மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கவென்று சென்ற மாதம் திருச்சியில் மகள் வீட்டில் 12 நாள் தங்கியிருந்தேன். மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஹாலிலேயே எனக்குக் கட்டில் போட்டார்கள். டிவியும் ஹாலில்தான். அதோடு இணைத்திருக்கும் பிளேஸ்டேஷனும் ஹாலில்தான். ஆகவே 74 வயதில், வேறு வழியில்லாமல், வீடியோ கேம் பார்க்க ஆரம்பித்தேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பேரன் ஒன்பதாம் வகுப்பு. பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து, பழைய டிஸ்க் விற்கும் கடையிலிருந்து ஒரு கேம் வாங்கி வந்திருந்தான். 'டைனஸ்டி வாரியர்ஸ் 8' என்று பெயர். வாங்கிய அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை. என் மாப்பிள்ளை கைப்பேசியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எழுபதுதான்டா போட்டிருக்கான். ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கணுமாம். நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினது எத்தனை இருக்கு, இதைப் போய் வாங்கியிருக்கியே" என்றார். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. அந்த எண் மஞ்சள் கட்டத்துக்குள் இருந்தது. பச்சைக்கு 75 வேண்டுமாம்.

எனக்கு அந்த மஞ்சள் கட்டம் மனசில் உட்கார்ந்துவிட்டது. 33 வருஷம் தமிழாசிரியராக இருந்தவன். எத்தனை ஆயிரம் விடைத்தாளில் சிவப்பு மையால் எண் போட்டிருப்பேன். மதிப்பெண் என்பது எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். அது பிறக்கும் இடம் அவ்வளவு புனிதமான இடம் ஒன்றும் இல்லை.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீனாவில் ஹான் வம்சம் சரிந்து மூன்று அரசுகளாகப் பிரிந்து அடித்துக்கொண்ட காலத்துக் கதை. அதை வைத்து 14-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய நாவல் ஒன்று உண்டு. நமக்கு மகாபாரதம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. லியூ பெய், குவான் யூ, ஜாங் ஃபெய் என்று மூன்று பேர், ரத்த உறவில்லாதவர்கள், சகோதரர்களாக இருப்போம் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். குகனோடு ஐவரானோம் என்று படித்து வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை. ஜப்பானில் கோயி என்ற கம்பெனி இந்தக் கதையை வைத்து 1997-ல் முதல் கேமைப் போட்டது. அது இருவர் நேருக்கு நேர் மோதும் விளையாட்டு. 2000-ல் வந்த இரண்டாவதில்தான் இப்போதைய உருவம் வந்தது: ஒரு வீரன், எதிரே ஒரு பெரிய சேனை. திரையின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. நூறு, இருநூறு, ஐந்நூறு. "தாத்தா, ஆயிரம்!" என்று பையன் கத்தினால் ஒரே ஆள் ஆயிரம் பேரை வீழ்த்திவிட்டான் என்று அர்த்தம்.

மேல்நாட்டு விமர்சகர்கள் 20 வருஷத்துக்கு மேலாக இந்த வரிசையைப் பற்றிச் சொல்லி வருவது ஒன்றுதான்: அலுப்பு. ஒரே சதுரப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், நூறு பேர் பறக்கிறார்கள், மறுபடி அழுத்த வேண்டும், இன்னும் நூறு பேர். அவர்கள் எண் குறைப்பதும் நிற்கவில்லை. கேம் வருவதும், ஜப்பானில் ஜனங்கள் வாங்குவதும் நிற்கவில்லை.

முதல் இரண்டு நாள் நானும் விமர்சகர் கட்சிதான். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாலும் அந்த 'சடக் சடக்' சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "ஏண்டா, இதையேதானே நேத்தும் பண்ணினே?" என்று கேட்டேன். மூன்றாம் நாள் சும்மா கவனித்துப் பார்த்தேன். ஒரு முறை சதுரம் அழுத்தி முக்கோணம் அழுத்தினால் ஒரு வீச்சு. இரண்டு சதுரம், பிறகு முக்கோணம் என்றால் வேறு வீச்சு. மூன்று, நான்கு, ஐந்து என்று போகப் போக ஒவ்வொன்றும் வேறு. எங்கே நிறுத்தி எதற்கு மாறுகிறோம் என்பதுதான் கணக்கு. ஆயுதங்களுக்கு வானம், பூமி, மனிதன் என்று மூன்று குணம். ஒன்றுக்கு ஒன்று அடங்கும், காகிதம் கத்தரி கல் மாதிரி. எதிரே வரும் தளபதி கையில் எது இருக்கிறது என்று பார்த்து, இவன் ஓடுகிற ஓட்டத்தில் ஆயுதத்தை மாற்றுகிறான். தூரத்திலிருந்து பார்க்கிற எனக்கு ஒரே அடி. அவன் விரலுக்கு முப்பது அடி. பக்கத்து வீட்டில் மிருதங்கம் பழகும் பையன் இருந்தால் தெரியும்: நமக்கு ஒரே தட்டல், அவனுக்கு ஒவ்வொரு நாளும் வேறு பாடம்.

ஐந்தாம் நாள் இன்னொன்று பார்த்தேன். ஒரே போர்க்களத்தை நான்காவது முறையாக ஆடிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஜெயிச்சாச்சே, மறுபடி ஏன்?" என்றேன். "ஜெயிச்சேன் தாத்தா, ஆனா அவர் செத்துட்டார்" என்றான். விஷயம் இதுதான்: அந்த நாவலின்படி சில தளபதிகள் சில இடங்களில் சாக வேண்டும். இந்த எட்டாவது பாகத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட வேலைகளைச் செய்தால் அவர்களைக் காப்பாற்றிவிடலாம். காப்பாற்றினால் வரலாறு வேறு வழியில் போகும். பையன் அந்த ஒரு ஆளுக்காகத்தான் நாலு தரம் போர் செய்துகொண்டிருந்தான். அதே மலை, அதே கோட்டை, அதே சேனை. இதை 'திரும்பத் திரும்ப வருகிறது' என்று எழுதினால் அது உண்மைதான். அந்த உண்மையில் பாதி விட்டுப்போகிறது.

கம்பராமாயணத்தில் மிகப் பெரிய காண்டம் யுத்த காண்டம். கும்பகருணன் வருகிறான், போர், சாகிறான். அதிகாயன் வருகிறான், போர், சாகிறான். இந்திரசித்து வருகிறான், போகிறான், மறுபடி வருகிறான். அம்புக்கு அம்பு, தேருக்குத் தேர். வகுப்பில் நடத்தும்போது பின் பெஞ்சுப் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கே சில வருஷம் அலுத்திருக்கிறது. ஆனால் கும்பகருணன் சாகிற போரும் இந்திரசித்து சாகிற போரும் ஒன்றா? பரணி என்ற வகைக்கே இலக்கணம் என்ன சொல்கிறது? போர்க்களத்தில் ஆயிரம் யானையை வென்றவனைப் பாடுவது என்கிறது. ஆயிரம் என்று எண்ணிச் சொல்கிற ஆசை நமக்கும் பழசுதான். திரையின் மூலையில் எண் ஓடவில்லை, அவ்வளவே.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

என் தலைமுறை வாசகர்களுக்கு ஆனந்த விகடன் சினிமா விமர்சனம் நினைவிருக்கும். படத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். 1977-ல் வந்த '16 வயதினிலே' வாங்கியது 62.5. அன்றைக்கு அது ஊரே பேசிய மார்க். 60-ஐத் தொட்ட படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 45 வாங்கிய படத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போவோம். அந்த அளவுகோலில் பேரனின் எழுபது தங்கப் பதக்கம். ஆனால் வீடியோ கேம் உலகில் எழுபது என்பது ஏறக்குறைய ஃபெயில். 100 வரை எண் இருக்கிறது என்றாலும் எல்லாரும் 70-க்கும் 95-க்கும் நடுவில்தான் புழங்குகிறார்கள். கீழே உள்ள எழுபது எண்களும் காலி மனை மாதிரி கிடக்கின்றன.

வெவ்வேறு பத்திரிகைகள் போடும் எண்களைச் சேர்த்து சராசரி காட்டுகிற இடம் மெட்டாகிரிட்டிக். 2001-ல் ஆரம்பித்தது. வெறும் சராசரியும் அல்ல அது. சில பத்திரிகைக்கு அதிக எடை, சிலதுக்குக் குறைவு. யாருக்கு எவ்வளவு எடை என்று வெளியே சொல்வதில்லை. இன்னொரு வேடிக்கை: அதே இடத்தில் சினிமாவுக்கு 61 வாங்கினாலே பச்சை நிறம். கேமுக்கு 75 வேண்டும். ஒரே பள்ளிக்கூடத்தில் 'அ' பிரிவுக்கு ஒரு பாஸ் மார்க், 'ஆ' பிரிவுக்கு வேறு பாஸ் மார்க் என்றால் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

இந்த எண் வீட்டுச் சண்டையோடு நிற்பதில்லை. 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்று ஒரு கேம் வந்தது. செய்தவர்கள் ஒப்சிடியன் என்ற அமெரிக்கக் கம்பெனி, வெளியிட்டவர்கள் பெதஸ்டா. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் செய்தவர்களுக்குக் கூடுதல் பணம் என்று ஒப்பந்தம். வந்தது 84. பணம் இல்லை. ஒப்சிடியனைச் சேர்ந்த கிறிஸ் அவெலோனே 2012-ல் இதை வெளியே சொன்னார். ஒரு மார்க்! 34 வாங்கிய பையனின் தாளைத் திரும்பப் புரட்டி, எங்காவது ஒரு மார்க் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் முதன்மைத் தேர்வாளர் எங்கள் முகாமில் இருந்தார். அங்கே அப்படி ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு இன்னொரு கதை. கேப்காம் கம்பெனியிலிருந்து 2006-ல் 'காட் ஹேண்ட்' வந்தது. ஷின்ஜி மிகாமி இயக்கியது. முழுக்க முழுக்கக் கைச்சண்டை. ஐ.ஜி.என். என்ற பெரிய தளம் அதற்குப் பத்துக்கு 3 போட்டது. வேறு பலர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போட்டார்கள். அடிதடி விளையாட்டில் ஊறியவர்கள் இன்றைக்கும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்த 3 போட்டவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அது 3-ஆகத்தான் இருந்திருக்கும். ஜப்பானில் ஃபமிட்சு என்ற பத்திரிகையில் நான்கு பேர் தனித்தனியாகப் பத்துக்குப் போடுவார்கள், மொத்தம் 40. நால்வர் போட்டதும் தனித்தனியாக அச்சில் இருக்கும். ஒருவர் 9, ஒருவர் 6 என்றால், ஓகோ, இதில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். சராசரி எடுத்தால் அந்தச் சங்கதி போய்விடும். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

விமர்சகர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சில சமயம் அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 2007-ல் வந்த முதல் 'அசாசின்ஸ் க்ரீட்' பற்றிப் படித்தேன், பேரன் பழைய வீடியோவும் காட்டினான். சிலுவைப் போர்க் காலத்து எருசலேமும் டமாஸ்கஸும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆளையும் கொல்வதற்கு முன்னால் அதே வேலைகள்: பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக்கேள், பையிலிருந்து திருடு, ஒருவனைச் சந்தில் வைத்து அடித்து விசாரி. ஒன்பது பேருக்கும் இதே சடங்கு. சண்டை என்றால், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், ஒவ்வொருவராக முன்னால் வந்து அடி வாங்குவார்கள். நம் பழைய படங்களில் கதாநாயகனிடம் அடியாட்கள் வரிசையில் வருவார்களே, அதேதான். விமர்சகர்கள் அடித்துச் சொன்னார்கள். 2009-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சடங்கை எடுத்துவிட்டார்கள். டைனஸ்டி வாரியர்ஸிலும், 2018-ல் வந்த ஒன்பதாம் பாகம் விசாலமான வெளியைப் போட்டு அதை வெறும் பொட்டலாக விட்டுவிட்டது என்று திட்டு வாங்கியது. அந்த வரிசையை விரும்புகிறவர்களே திட்டினார்கள். பேரனும் அதை வாங்க மாட்டேன் என்கிறான்.

ஆனால் ஒன்றை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. விமர்சகர் எப்படி விளையாடுகிறார்? வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால் கேம் கைக்கு வரும். இன்ன தேதி இன்ன மணிக்குத்தான் விமர்சனம் போடலாம் என்று நிபந்தனை. அந்த மணிக்கு மற்றவர்கள் எல்லாரும் போடுவார்கள். இவரும் போட்டாக வேண்டும். 30 மணி நேரம், 40 மணி நேரம் ஓடும் கேமை மூன்று நாலு நாளில் முடிக்க வேண்டும். என் பேரனோ பள்ளி விட்டு வந்து, ஹோம்ஒர்க் முடித்து, அம்மா திட்டுவதற்குள் முக்கால் மணி. இப்படி இரண்டு மாசம். தீபாவளிக்கு லட்டு நாளுக்கு ஒன்று தின்கிறவனுக்கும், ஒரே உட்காரலில் நாற்பதைத் தின்று தீர்ப்புச் சொல்லச் சொன்னவனுக்கும் ஒரே ருசி தெரியுமா? திகட்டுகிறது என்று இரண்டாமவன் எழுதுவான். லட்டில் குறையா, நாற்பதில் குறையா?

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தமிழ் இரண்டாம் தாள். காலையில் 15 தாள், மதியம் 15. ஏப்ரல் வெயில், மின்விசிறி சுற்றுகிற மாதிரி பாவனை செய்யும். பொதுக்கட்டுரை, நான் விரும்பும் தலைவர். காந்தி, நேரு, காமராசர். காமராசர், நேரு, காந்தி. எல்லாம் ஒரே கைடு. முன்னுரை, பிறப்பும் இளமையும், தொண்டுகள், முடிவுரை. ஒரே மேற்கோள், ஒரே எழுத்துப் பிழை. ஆறாம் நாள் மதியம் நான் படிப்பதையே நிறுத்தியிருந்தேன். உட்தலைப்பு இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா, டிக், டிக், எண். அப்போது ஒரு தாள். அந்தப் பையன் தன் ஊரில் வாய்க்கால் மடை திறந்து விடும் ஆளைப் பற்றி எழுதியிருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு போய், யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் அஞ்சாமல் பிரித்து விடுபவராம். உட்தலைப்பு இல்லை. மேற்கோள் இல்லை. பத்துக்கு நாலு போட்டுவிட்டுக் கட்டில் சேர்த்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்த அரிக்கேன் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் போய்க் கேட்டிருக்கலாம். ஒரு தாளுக்காகக் கட்டைப் பிரிப்பார்களா, என்ன நினைப்பார்கள் என்று தயங்கினேன். கேட்கவில்லை. அவன் மொத்தம் எவ்வளவு வாங்கினான், என்ன ஆனான் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. இன்றைக்கு நாற்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும்.

ஒரே மாதிரி இருந்தது விடைத்தாள் மட்டும் இல்லை. நானும் ஒரே மாதிரி ஆகிப்போயிருந்தேன்.

மாப்பிள்ளையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. லட்டுக் கதையோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் லேசான ஆள் இல்லை. "மாமா, நீங்க சொல்றது சரி. ஆனா வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல கேம் வருது. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்க விமர்சனம் படிக்க யாருக்கு நேரம்? நம்பர் பாத்தா நாலாயிரம் ரூபா வீணாப் போறது மிச்சம்" என்றார். இதில் நியாயம் இருக்கிறது. யூரோகேமர் என்ற இங்கிலாந்துத் தளம் 2015-ல் மதிப்பெண்ணே வேண்டாம் என்று தூக்கி எறிந்தது. நல்ல முடிவு என்று பலர் மெச்சினார்கள். 2023-ல் ஐந்து நட்சத்திர முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜனங்களுக்கு எண் வேண்டியிருக்கிறது. நானும் சட்னிக்குத் தேங்காய் வாங்கப் போனால் விலையைத்தான் முதலில் கேட்கிறேன்.

என் கட்சி இதுதான். எண்ணைப் போடுங்கள். ஆனால் யார் போட்டது, எத்தனை நாளில் ஆடி முடித்தார், இதே வரிசையில் முன்னால் எத்தனை ஆடியிருக்கிறார் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். ஏழு பாகம் ஆடி அலுத்தவருக்கு எட்டாவது அலுப்புத்தான். முதன்முதலாக எட்டாவதைத் தொடுகிற ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு லூ பு என்ற அந்தப் பயங்கர வீரன் கணவாயில் குதிரை மேல் வந்து நிற்பது புதுசு. அன்று அவன் முகத்தை நான் பார்த்தேன். கம்பியூட்டர் சொல்கிறது, அவனோடு மோதாதே, ஓடு என்று. இவன் ஓடவில்லை. இரண்டு நிமிஷத்தில் செத்தான். மறுபடி போனான்.

'அலுப்பு' என்று எழுதுகிறவர் இன்னும் ஒரு வாக்கியம் கூட்டி எழுதினால் போதும்: திரும்ப வருகிறபோது ஆடுகிறவன் கையில் ஏதாவது மாறுகிறதா, இல்லையா? அசாசின்ஸ் க்ரீடில் மாறவில்லை. இதில் மாறுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தார். பையன் காப்பாற்ற முயன்ற தளபதி அன்றுதான் பிழைத்தார். என்ன நடந்தது என்று அவன் அப்பாவிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவரும் சட்டையைக்கூட மாற்றாமல் நின்று கேட்டார். எழுபது என்ற பேச்சு வரவில்லை.

இந்தக் கேமில் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் கையில் இரண்டாவது கண்ட்ரோலரைத் திணித்தான். எனக்குக் கிழவர் ஒருவரையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தான், குறும்பு. பட்டன் எது எங்கே என்று பிடிபடுவதற்குள் மூன்று தரம் விழுந்தேன். என் பக்கத்து எண் 41-ல் நின்றது, அவனுடையது எழுநூற்றுச் சொச்சம்.

"தாத்தா," என்றான், தலையில் கை வைத்துக்கொண்டு, "நீங்க ஒரே பட்டனையே அமுக்கிட்டிருக்கீங்க."